பட்டம் எத்தனை என்று கேட்பவர்களுக்கு

சின்னத் துறைகளை இழுத்து மூடிவிடலாம் என்பது அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் இன்று ஏறக்குறைய பொதுப்புத்தி ஆகிவிட்டது. நிர்வாகிகள் மட்டும் இப்படிப் பேசினால் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆசிரியர் செனட்டில் உட்கார்ந்திருப்பவர்கள், அறங்காவலர் தேர்தலில் ஓட்டுப் போடும் ஊர்க்காரர்கள், பிள்ளையை அங்கே சேர்க்க விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கும் நம் தமிழ்ப் பெற்றோர்கள் என எல்லோரும் இதையே சொல்கிறார்கள். "சோசியாலஜியா? அதை வைத்து என்ன செய்ய?" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

நம் ஊரில் சமுதாயக் கல்லூரி என்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். அமெரிக்காவில் தொழிற்கல்வியோடு இன்னொரு பெரிய வேலையும் அதற்கு உண்டு. பட்டப்படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகளைக் குறைந்த செலவில் அங்கே முடித்துவிட்டு, பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் போய்ச் சேரலாம். நான் கலிஃபோர்னியாவை வைத்தே பேசுகிறேன். நெருக்கமாகத் தெரிந்த களம் அது. 116 கல்லூரிகள், 73 மாவட்டங்கள், சுமார் 20 லட்சம் மாணவர்கள், யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம். அங்கே ஒவ்வொரு துறையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தன்னைத் தானே ஆராய்ந்து அறிக்கை எழுத வேண்டும். அங்கீகாரம் தரும் ஏ.சி.சி.ஜே.சி. அதைக் கேட்கிறது. அந்தத் துறை மறுஆய்வுதான் இந்தச் சண்டை நடக்கும் மைதானம்.

எதிர்த்தரப்பு சொல்வதைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கல்லூரி பொதுப்பணத்தில் ஓடுகிறது; பணம் எல்லையற்றதல்ல. கோவிட் காலத்தில் காலியான இருக்கைகளைப் பல கல்லூரிகள் மெதுவாகத்தான் நிரப்பின. ஒரே ஒரு முழுநேர ஆசிரியர், வருடத்துக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய பட்டங்கள், பாதி நிரம்பிய இரண்டாம் நிலை வகுப்புகள் என்று ஒரு துறை நிற்கும்போது, அந்த இடத்தைத் தாதியர் படிப்புக்கோ வெல்டிங்குக்கோ கொடுப்பது நியாயமில்லையா? எந்தத் துறைக்கும் நிரந்தரப் பட்டா கிடையாது. இன்னொன்றையும் அவர்கள் சொல்கிறார்கள், அதுதான் அவர்களுடைய வாதங்களிலேயே வலுவானது: கல்லூரிக் கையேட்டில் "சமூகவியல் பட்டம்" என்று போட்டுவிட்டு, அதற்கான பாடங்களை ஒழுங்காக நடத்தாமல் மாணவரை இரண்டு வருடம் காக்கவைப்பதைவிட, இல்லை என்று நேராகச் சொல்லிவிடுவது மேல்.

கேட்பதற்கு நேர்மையாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது.

1. பட்டத்தை ஏன் எண்ணுகிறீர்கள்?

விழுப்புரம் ஜங்ஷன் தேவையா என்று முடிவுசெய்ய, விழுப்புரத்துக்கே டிக்கெட் எடுத்தவர்களை மட்டும் எண்ணுகிற அதிகாரியை யாரும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள். மறுஆய்வுப் படிவம் அதைத்தான் செய்கிறது. மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்ற கட்டத்தில் சமூகவியல் என்று எழுதியவர்கள் எத்தனை பேர், அவர்களில் பட்டம் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பதுதான் அதன் முதல் இரண்டு வரிசைகள்.

அறிமுகச் சமூகவியல் மாலை வகுப்பு ஒன்றின் பெயர்ப்பட்டியலைக் கையில் எடுத்துப் பாருங்கள். வேலையிலிருந்து நேராக வந்து, நீல ஸ்க்ரப்ஸ் உடையோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண் பதிவு பெற்ற தாதியாவதற்கான முன்தேவைப் பாடங்களை முடிக்கிறாள். பக்கத்தில் இருப்பவன் போலீஸ் வேலைக்குப் போக நினைத்துக் குற்ற நீதி நிர்வாகம் படிக்கிறான். பின்னால் இரண்டு பேர் வணிகம். ஒருத்தி உயிரியல், மருத்துவக் கல்லூரிக் கனவு. இன்னும் எதுவும் முடிவுசெய்யாமல் "பொது" என்று எழுதியவர்கள் நாலைந்து பேர். சமூகவியலை மேஜராக எழுதியவர் ஒருவர் இருந்தால் அதிகம். அந்த அறையில் இருக்கும் அத்தனை பேருக்கும் பாடம் நடத்துவது சமூகவியல் துறை. படிவத்தில் அதன் கணக்கில் ஏறுவதோ அந்த ஒருவர்.

இவர்கள் பொழுதுபோக்குக்காக வந்து உட்கார்ந்தவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கலிஃபோர்னியா தாதியர் வாரியத்தின் விதி, இயற்கை அறிவியலோடு நடத்தை அறிவியலையும் சமூக அறிவியலையும் சேர்த்து 16 செமஸ்டர் யூனிட் கேட்கிறது. சமூகப் பணி படிக்கப் பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வோருக்கான பட்டத்தின் அடிப்படைப் பாடங்களில் அறிமுகச் சமூகவியலும் ஒன்று. மருத்துவக் கல்லூரிக்கான எம்கேட் தேர்வில் 2015 முதல் உளவியலும் சமூகவியலும் கலந்த ஒரு முழுப் பகுதியே உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிய அளவு அறிமுகச் சமூகவியல். கல்லூரி நிர்வாகம் பெருமையோடு விளம்பரம் செய்யும் தாதியர் படிப்பின் ஒரு கால் சமூகவியல் வகுப்பறையில் இருக்கிறது. அது எந்தப் படிவத்திலும் தெரிவதில்லை.

மேஜர் என்ற கட்டமே நம்பத்தக்கதும் இல்லை. பதினெட்டு வயதில், சேர்க்கை விண்ணப்பத்தின் ஒரு கீழிறங்கு பட்டியலில் தட்டியது அது. மனம் மாறிய பிறகு எத்தனை பேர் போய்த் திருத்துகிறார்கள்? பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போய், அங்கே சமூகவியலில் பி.ஏ. முடிப்பவர் படிவத்தின் கணக்கில் தோல்வி. "சமூக, நடத்தை அறிவியல்கள்" என்ற பொதுப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனவரும் அப்படியே.

2. பணம் எங்கே போகிறது என்று உண்மையிலேயே பார்த்தீர்களா?

சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் சிக்கனக் கணக்கைப் போடாமல் பேசுவது வேடிக்கை. கலிஃபோர்னியாவில் ஒரு துறையின் உற்பத்தித்திறனுக்குப் பலரும் வைத்திருக்கும் அளவுகோல் 525. ஒரு முழுநேர ஆசிரியர் வாரத்துக்கு 15 மணி நேரம் பாடம் எடுக்கிறார், வகுப்புக்கு 35 பேர், பெருக்கினால் 525. இந்த இலக்கைத் தாண்ட சமூகவியலுக்கு என்ன வேண்டும்? நாற்பது நாற்காலி, ஒரு வெள்ளைப்பலகை, ஒரு புரொஜெக்டர். நாற்பது பேர் உட்கார்ந்தால் 600. மருத்துவமனைப் பயிற்சியில் ஓர் ஆசிரியருக்குச் சுமார் பத்து மாணவர்தான். அதே பெருக்கலைப் போட்டால் 150. வெல்டிங்கில் கூண்டு எத்தனையோ அத்தனை பேர்தான், அதற்குமேல் சேர்க்கவே முடியாது.

தாதியர் படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேவை, அது செலவு பிடிக்கும், அந்தச் செலவை யாராவது ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டுவது இந்த நாற்பது நாற்காலி வகுப்புகள்தான். 2018-இல் வந்த மாநில நிதிச் சூத்திரப்படி பணத்தில் சுமார் 70 சதவீதம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து வருகிறது. நாற்காலியில் உட்கார்ந்தவரின் மேஜர் என்ன என்று அந்தப் பங்கு கேட்பதில்லை. வரவைக் கொண்டுவருகிற வகுப்பை மூடிச் செலவைச் சமாளிப்போம் என்பவரிடம் வீட்டுக் கணக்கைக்கூட யாரும் கொடுக்க மாட்டார்கள்.

இதற்கு ஒரு பதில் வரும்: "அறிமுகப் பாடத்தை வைத்துக்கொள்கிறோம். பட்டத்தையும் மேல்நிலைப் பாடங்களையும்தான் எடுக்கிறோம்." அதற்கு அடுத்த மறுப்பு.

3. நீங்களே வெட்டிவிட்டு, நீங்களே காய்ந்துபோயிற்று என்கிறீர்கள்.

பல்கலைக்கழகத்துக்கு மாறிச் செல்வதற்கென்று 2010-இன் எஸ்.பி. 1440 சட்டத்தால் வந்த மாற்றுப் பட்டம் ஒரு நல்ல ஏற்பாடு. 60 யூனிட்டை அதற்கென்று வகுத்த பாட வரிசையில் முடித்தால் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் எங்காவது மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. சமூகவியலுக்கான வரிசையில் அறிமுகப் பாடத்துக்கு மேல் சமூகப் பிரச்சினைகள், ஆய்வு முறைகள், புள்ளியியல் போன்றவற்றிலிருந்தும், இனம், பாலினம், குடும்பம், குற்றம் போன்றவற்றிலிருந்தும் சில பாடங்கள் வேண்டும். சின்னக் கல்லூரியில் இவற்றில் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒருமுறைதான் அட்டவணையில் வரும்.

செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது ஆய்வு முறைகள் வகுப்பில் பதினான்கு பேர் பதிந்திருக்கிறார்கள் என்று வையுங்கள். குறைந்தபட்சம் இருபது வேண்டும் என்பது விதி. டீன் ரத்து செய்கிறார். அந்தப் பதினான்கு பேரில் வசந்தத்தில் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியவர்கள் வேறு ஏதோ பாடத்தை எடுத்துக்கொண்டு, வேறு பட்டத்தோடோ பட்டமே இல்லாமலோ போகிறார்கள். அடுத்த வருடம் அந்தப் பாடத்தை நம்பிப் பதிய ஆள் குறைகிறது. கல்லூரி ஆலோசகர்களே "அது நடக்குமா தெரியாது" என்கிறார்கள். மூன்று வருடம் கழித்து மறுஆய்வு வருகிறது: பட்டங்கள் சரிந்துவிட்டன, துறைக்குத் தேவை இல்லை. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்த கதை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் என்று மேலே சொன்னேனே, அது இங்கேதான் திரும்பிக் கடிக்கிறது. மாணவரைக் காக்கவைக்கக் கூடாது என்பதில் எனக்கு மறுபேச்சே இல்லை. காக்கவைத்தது யார்? பட்டத்தை அறிவித்த துறையா, பட்டத்துக்கு வேண்டிய பாடத்தைக் கடைசி வாரத்தில் தூக்கியெறிந்த அட்டவணையா? பாடம் தவறாமல் நடந்தும் ஆள் வராமல் போன துறையை மூடுங்கள், ஒத்துக்கொள்கிறேன். பாடத்தை நடத்தாமலே அது தோற்றது என்று தீர்ப்பு எழுதுவது விசாரணை ஆகாது.

4. இந்த எண்களை முதல் செமஸ்டர் மாணவன்கூட ஏற்க மாட்டான்.

போன வருடம் எட்டுப் பட்டம், இந்த வருடம் ஆறு. படிவம் கொட்டை எழுத்தில் "25 சதவீத வீழ்ச்சி" என்கிறது. இரண்டு பேர். ஒருத்திக்குப் பிரசவம், இன்னொருவன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனான் என்றால் முடிந்தது. அதே படிவத்தில் சமத்துவ இடைவெளி என்று ஒரு அட்டவணை இருக்கும். ஒரு இனக்குழுவில் நான்கே மாணவர்கள், ஒருவர் பாதியில் விலகினால் வெற்றி விகிதம் 25 புள்ளி இறங்கும். உடனே துறை அதற்கு "மேம்பாட்டுத் திட்டம்" எழுத வேண்டும். அடுத்த வருடம் அந்த ஒருவர் தேறிவிட்டால் திட்டம் வெற்றி! இப்படிப்பட்ட எண்ணுக்குத் திட்டம் எழுதுவதில் பல நல்ல ஆசிரியர்களின் வெள்ளிக்கிழமைகள் கரைகின்றன.

இதில் ஒரு கேலி ஒளிந்திருக்கிறது. குழுவின் சராசரியை வைத்துத் தனி மனிதரைப் பற்றி முடிவு கட்டக் கூடாது என்று 1950-இல் எழுதி எச்சரித்தவர் டபிள்யூ. எஸ். ராபின்சன், ஒரு சமூகவியலாளர். ஆய்வு முறைகள் வகுப்பில் இன்றும் சொல்லித்தரும் பாடம் அது. சின்ன எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவுக்குத் தாவக் கூடாது என்பதையும் அங்கேதான் சொல்லித்தருகிறார்கள். எந்த வகுப்பை ரத்து செய்தார்களோ அந்த வகுப்பைத் தேறியிருந்தால் படிவம் தயாரித்தவர் இந்த அட்டவணையைப் போட்டிருக்க மாட்டார்.

எண் உண்மையாகவே குறைந்தாலும் காரணம் துறைக்கு வெளியே இருக்கலாம் என்பதையும் படிவம் பார்ப்பதில்லை. பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கான பொதுக்கல்விப் பட்டியலில் சமூக அறிவியலுக்கு முன்பு மூன்று பாடம் கேட்டார்கள். பிறகு இனவியல் கல்விக்கு இடம் ஒதுக்கியபோது அது இரண்டானது. 2025 இலையுதிர் முதல் நடைமுறையில் உள்ள கால்-கெட்சி என்ற ஒற்றைப் பட்டியலும் இரண்டோடு நிற்கிறது, அதுவும் இரண்டு வெவ்வேறு துறைகளிலிருந்து. மூன்று இடத்துக்குப் போட்டியிட்ட உளவியல், பொருளாதாரம், அரசியல், வரலாறு, சமூகவியல் எல்லாம் இப்போது இரண்டு இடத்துக்குப் போட்டியிடுகின்றன. மாநிலம் மாற்றிய விதிக்குத் துறையின் தலையில் குட்டு.

5. "வேலை கிடைக்காது."

இதற்கு நீளமான பதில் தேவையில்லை. இரண்டு ஆண்டுச் சமூகவியல் பட்டம் வேலைக்கான சான்றிதழ் என்று யாரும் விற்கவில்லை; அது மூன்றாம் ஆண்டுக்கான நுழைவுச்சீட்டு. பள்ளி ஆலோசகர், நன்னடத்தை அதிகாரி, சமூகப் பணியாளர் என எந்தப் பக்கம் போனாலும் பெரும்பாலும் நான்காண்டுப் பட்டமாவது வேண்டும், அதற்குப் போகும் வழி இது. சமுதாயக் கல்லூரியில் பாதி வழியில் நிற்பவரின் சம்பளத்தை எடுத்துப் பல்கலைக்கழகம் முடித்த என்ஜினியரின் சம்பளத்தோடு ஒப்பிடுவது ஒப்பீடே ஆகாது.

ஆனால் இந்த வாதத்தை யாரிடம் சொல்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் சமூகவியல் படிக்கும் பிள்ளையிடம் யாரும் சொல்வதில்லை. பண்ணை வேலையும் கிடங்கு வேலையும் செய்யும் பெற்றோரின் பிள்ளையிடம் சொல்கிறார்கள்: உனக்கு எதற்கு இதெல்லாம், ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போ. பர்ட்டன் கிளார்க் என்ற சமூகவியலாளர் 1960-இல் சான் ஹோசேயில் இருந்த இரண்டாண்டுக் கல்லூரி ஒன்றை ஆராய்ந்து, அங்கே நடந்ததை விவரித்தார். பல்கலைக்கழக ஆசையோடு வந்த மாணவரை முகத்தில் அடித்தாற்போல் விரட்டாமல், தேர்வும் ஆலோசனையும் ஒவ்வொரு படியாக வைத்து, ஆசையைக் குறைத்துக்கொள்ளும்படி மெல்ல மெல்லப் பழக்குவது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அதைக் கண்டுபிடித்துச் சொன்ன துறையையே அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டால் அந்த வேலை இன்னும் சுலபமாக நடக்கும்.

6. "பகுதிநேர ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்."

முழுநேர ஆசிரியர் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்தை நிரப்பாமல் இரண்டு பகுதிநேரக்காரர்களை வைத்து ஓட்டிவிடலாம் என்று முடிவாகிறது. மூடுகிறோம் என்று சொல்லாமல் மூடும் வழி இது, நடைமுறையில் இதுதான் அதிகம். 1988-இன் ஏ.பி. 1725 சட்டம் பாடம் நடத்தும் நேரத்தில் 75 சதவீதம் முழுநேர ஆசிரியர் கையில் இருக்க வேண்டும் என்று குறிக்கோள் வைத்தது. குறிக்கோள் குறிக்கோளாகவே இருக்கிறது.

பகுதிநேர ஆசிரியர்கள் குறைந்தவர்கள் என்று சொன்னால் அது பொய். பலர் அருமையாகப் பாடம் எடுப்பவர்கள். ஆனால் ஒரு மாவட்டத்தில் முழு வேலைப்பளுவில் 67 சதவீதத்துக்கு மேல் அவர்களுக்குக் கொடுக்கச் சட்டம் விடாது. ஆகவே காலையில் ஓர் ஊர், மதியம் ஓர் ஊர், இரவு ஓர் ஊர். ஃப்ரீவே ஃப்ளையர் என்று அவர்களே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். வகுப்பு நேரத்துக்குத்தான் பெரும்பாலும் சம்பளம். பாடத்திட்டத்தைப் புதுப்பிப்பது யார்? பாடம் மாநிலப் பொது வரையறையோடு ஒத்துப்போகிறது என்று சி-ஐடி அனுமதி வாங்கிவைப்பது யார்? பல்கலைக்கழகங்களோடு பாட இணக்கம் நிற்கிறதா என்று பார்ப்பது யார்? 2021 சட்டப்படி எல்லாக் கல்லூரிகளுக்கும் பொதுவான பாட எண் வந்துகொண்டிருக்கிறது. அதற்கேற்பத் தாள்களைத் திருத்தி எழுதுவது யார்? யாருமில்லை என்றால் ஒருநாள் அனுமதி காலாவதியாகும், மாற்றுப் பட்டம் நிற்காது. 'மூடு' என்று யாரும் வாக்களித்திருக்க மாட்டார்கள், ஆனால் துறை மூடியிருக்கும்.

துறையை நிறுத்துவதற்கென்று தனி நடைமுறை வகுத்துக்கொள்ள வேண்டும் என்று மாநில விதி 51022 ஒவ்வொரு மாவட்டத்தையும் கேட்கிறது. மறுஆய்வு முன்னேற்றத்துக்காக, நிறுத்தம் வேறு விசாரணை என்று இரண்டையும் பிரித்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது. மறுஆய்வுத் தாளே தூக்குக் கயிறாகும் என்று தெரிந்தால் எந்த ஆசிரியர் தன் துறையின் குறையை உண்மையாக எழுதுவார்?

ஃப்ளோரிடாவை இங்கே சொல்லாமல் போக முடியாது. 2024 ஜனவரியில் அந்த மாநிலம் தன் 28 கல்லூரிகளுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவான அடிப்படைக் கல்விப் பட்டியலிலிருந்து சமூகவியல் கோட்பாடுகள் பாடத்தை எடுத்துவிட்டு, அமெரிக்க வரலாற்றுப் பாடம் ஒன்றைச் சேர்த்தது. அங்கே காரணம் வெளிப்படையான அரசியல். பேசிச் சண்டை போட ஓர் எதிரி இருந்தார். கலிஃபோர்னியாவில் அரசியல் கிடையாது, விரோதம் கிடையாது, எக்செல் தாள் மட்டும்தான். சின்ன ஊர்க் கல்லூரி மாணவனுக்கு இரண்டும் கடைசியில் ஒரே இடத்தில்தான் கொண்டுவிடும். எனக்கென்னவோ ஃப்ளோரிடா வழியாவது எதிர்க்க வசதியானது என்று தோன்றுகிறது.

சரி, சின்னத் துறையை எப்படித் திட்டமிடுவது? முதலில் இரண்டாண்டு அட்டவணையை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுங்கள்: இந்த இலையுதிரில் சமூகப் பிரச்சினைகள், வசந்தத்தில் ஆய்வு முறைகள், அடுத்த இலையுதிரில் இனமும் இனக்குழுவும். அதில் போட்ட பாடம், பட்டத்துக்கு அவசியமானது என்றால், பத்துப் பேர் வந்தாலும் நடக்கும் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அறிமுக வகுப்புகளின் 600 அந்தப் பத்தைத் தாங்கும். புள்ளியியலைக் கணிதத் துறையோடு பகிர்ந்துகொள்ளுங்கள், இரட்டை வேலை வேண்டாம். இன்னும் மெலிந்த கல்லூரி என்றால் பக்கத்துக் கல்லூரியோடு பேசி, ஒரு வருடம் நீ ஆன்லைனில் நடத்து, மறுவருடம் நான் நடத்துகிறேன் என்று முறை வைத்துக்கொள்ளலாம். புத்தகத்துக்குப் பணம் வாங்காதீர்கள். ஓப்பன்ஸ்டாக்ஸின் இலவசச் சமூகவியல் பாடநூல் 2012 முதல் இருக்கிறது. மூன்று யூனிட் பாடத்துக்கு 138 டாலர் கட்டணம் கட்டுகிறவரிடம் அதே அளவுக்குப் புத்தகம் வாங்கச் சொல்வதில் நியாயமில்லை.

படிவத்தில் மாற்ற வேண்டியது ஒரு கேள்வியை. "சமூகவியலை மேஜராக எழுதியவர்கள் என்ன ஆனார்கள்?" என்பதை எடுத்துவிட்டு, "இந்த ஐந்து வருடத்தில் ஏதாவது ஒரு சமூகவியல் பாடத்தில் தேறியவர்கள் எந்தப் பட்டம் வாங்கினார்கள், எங்கே போனார்கள்?" என்று கேட்க வேண்டும். ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு மோதவிடாமல் ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு பேர் குறைந்ததற்கெல்லாம் அபாயச் சங்கு ஊத வேண்டியிருக்காது. இதற்குப் புதுப் பணம் தேவையில்லை. ஒவ்வொரு மாணவரின் மதிப்பெண் பதிவும் கல்லூரியின் ஆய்வு அலுவலகத்தில்தான் இருக்கிறது. யார் எந்தப் பல்கலைக்கழகத்தில் பிறகு சேர்ந்தார் என்ற விவரத்தை நேஷனல் ஸ்டூடன்ட் கிளியரிங்ஹவுஸ் தருகிறது. தேடல் கட்டத்தில் மேஜர் என்று இருப்பதைப் பாடம் என்று மாற்றி ஓட்டினால் போதும். அந்தப் பட்டியலை மேசையில் வைத்த பிறகும் துறையை மூடத்தான் வேண்டும் என்று ஒருவர் வாதாடினால், அவரோடு உட்கார்ந்து பேச நான் தயார்.